லினக்ஸ் தொடக்க ஸ்கிரிப்ட்டும் பாதுகாப்புக் கொள்கையும்

கணினி பூட் ஆகும்போது தானாக ஓடி, வேண்டிய நிரல்களைக் கிளப்பிவிடுவது தொடக்க ஸ்கிரிப்ட். எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம், எந்த போர்ட்டைத் திறக்கலாம் என்று கெர்னலே விதி வைத்துக் காவல் காப்பது பாதுகாப்புக் கொள்கை. இரண்டும் உரசுகிற இடத்தில் எழும் பழுது பெரும்பாலும் ஒரே புகாராக வரும்: "கையால ஓட்டினா ஓடுது, பூட்ல ஓடமாட்டேங்குது."

மண்ணூர்பேட்டையை ஒட்டி, 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை. அங்கே ஒரு லேத் பட்டறையில், மெஷின் எத்தனை உருப்படி முடித்தது என்று பதிந்துவைக்கும் சிறிய லினக்ஸ் பெட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பகலில் ரூட்டாக நுழைந்து ஸ்கிரிப்ட்டை ஓட்டிப் பார்த்தவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். ராத்திரி கரண்ட் போய் வரும். பெட்டி எழுந்துவிடும், நிரல் எழாது. தொடக்க வேலையைக் கவனிக்கும் சிஸ்டம்டி காட்டுவது 203 என்ற எண்ணும் 'பர்மிஷன் டினைடு' என்ற வரியும். கோப்பின் அனுமதியைப் பார்த்தால் 755, குறையே இல்லை.

காரணம் லேபிளில் இருக்கிறது. இப்படிக் காவல் காக்கும் ஏற்பாடுகளில் ஒன்றான எஸ்இலினக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு லேபிள் ஒட்டிவைக்கிறது. ஸ்கிரிப்ட்டை வீட்டு அடைவில் எழுதி 'எம்வி' கட்டளையால் நகர்த்தினால் பழைய 'யூசர்_ஹோம்_டி' லேபிளும் கூடவே போகும். 'சிபி' கொடுத்திருந்தால் புது அடைவின் லேபிள் வந்திருக்கும். கையால் ஓட்டுபவரின் ஷெல்லுக்குக் கட்டுப்பாடு இல்லை, அதனால் தடை தெரியாது. பூட்டில் அதே கோப்பை ஓட்ட வருவது 'இனிட்_டி' லேபிள் கொண்ட சிஸ்டம்டி. வீட்டுக் கோப்பை இயக்க அதற்கு உரிமை கிடையாது. ஆடிட் பதிவில் 'ஏவிசி' வரியைத் தேடினால் கேட்டவர் யார், கேட்கப்பட்டது எது என்று இந்த இரண்டு பெயரும் அடுத்தடுத்து நிற்கும். 'ரெஸ்டோர்கான்' ஒருமுறை ஓட்டினால் லேபிள் சரியாகிவிடும். நிரல் 'ஆப்ட்' போன்ற அடைவில் இருந்தால் முதலில் 'செமேனேஜ்' மூலம் விதியையே பதிய வேண்டும். 'சிஎச்கான்' தற்காலிக ஒட்டுதான். முழு மறு லேபிளிங் நடந்தால் போய்விடும்.

நிரல் எழுந்ததும் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் அடுத்த தவறு. 'பின்_டி' என்ற பொது லேபிளோடு சிஸ்டம்டி கிளப்பும் நிரல் பல வினியோகங்களில் 'அன்கன்ஃபைண்டு_சர்வீஸ்_டி' என்ற டொமைனில்தான் ஓடும் (ஓடும் நிரலின் லேபிளுக்கு டொமைன் என்று பெயர்). ஏறக்குறையக் காவலே இல்லை. நிரல் எந்த டொமைனுக்குள் நுழையும் என்பதைக் கோப்பின் லேபிள் மட்டும் தீர்மானிப்பதில்லை, கூப்பிடுகிறவரின் டொமைனும் சேர்ந்து தீர்மானிக்கிறது. நடுவில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டைச் செருகினால் கூப்பிடுகிறவர் மாறிவிடுவார், எதிர்பார்த்த மாற்றம் நடக்காமலே போகலாம். 'பிஎஸ்' கட்டளையை பெரிய இசட் தேர்வோடு கொடுத்தால் உண்மை நிலை தெரியும். சிஸ்டம்டியின் யூனிட் கோப்பில் 'நோநியூபிரிவிலேஜஸ்' இருந்தாலும் டொமைன் மாற்றம் தடைபடும். அந்த நிலையிலும் மாற விடுவதற்கென்றே தனி அனுமதி 4.14 கெர்னலில் சேர்க்கப்பட்டது.

அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் வெளியிட்ட எஸ்இலினக்ஸ், 2003இல் 2.6 கெர்னலோடு சேர்ந்தது. ரெட் ஹேட் குடும்பத்தில் அதுவே வழக்கம். தமிழ்நாட்டில் பள்ளி, கல்லூரி மாணவர் பலர் பார்த்த லினக்ஸ் வேறு: சி-டாக் சென்னை மையத்தில் உருவாகி 2007இல் வெளிவந்த பாஸ். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு அதுவும் வந்தது. பாஸின் தாய் டெபியன். டெபியன் 10 (2019) முதல் அதில் ஆப்ஆர்மர் என்ற வேறொரு காவல் ஏற்பாடு இயல்பாகவே இயங்குகிறது.

ஆப்ஆர்மருக்கு லேபிள் இல்லை, பாதைதான் கணக்கு. மைஎஸ்க்யூஎல் தரவு அடைவைப் பெரிய டிஸ்க்குக்கு மாற்றியதும் சேவை எழ மறுப்பது உபுண்டுவில் பலரும் கண்ட பழுது. புதுப் பாதையை, அந்த நிரலுக்கான விதிகள் அடங்கிய புரொஃபைலில் சேர்த்து மறுபடி ஏற்றினால் தீரும். இன்னொன்று, புரொஃபைல் ஏறுவதற்கு முன்பே எழுந்துவிட்ட நிரல், மறுபடி தொடங்கும்வரை காவலுக்கு வெளியேதான் இருக்கும். 'ஏஏ-ஸ்டேட்டஸ்' அதைச் சொல்லிவிடும்.

கோளாறைத் தேடும்போது கொள்கையை அடியோடு அணைப்பது சோம்பேறித்தனம். எஸ்இலினக்ஸை முற்றாக அணைத்த காலத்தில் உருவாகும் கோப்புகளுக்கு லேபிளே இராது. திரும்ப இயக்கினால் மொத்த டிஸ்க்குக்கும் லேபிள் ஒட்ட வேண்டிவரும். சந்தேகப்படும் ஒரு டொமைனை மட்டும் பெர்மிசிவ் ஆக்கினால் தடை விலகும், பதிவும் விழும். பதிவே விழவில்லையென்றால், தடுத்தாலும் பதியாத மௌன விதிகள் மறைக்கின்றன என்று பொருள். 'செமாட்யூல்' கட்டளையின் பெரிய டி, பெரிய பி தேர்வுகள் அவற்றைப் பேசவைக்கும். 'ஆடிட்2அலவ்' எழுதித்தரும் விதியைப் படித்துப் பார்க்காமல் ஏற்றாதீர்கள். திருத்தம் முடிந்ததும் ஷெல்லில் ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. கிளம்புவதற்கு முன் பெட்டியை ஒருமுறை ரீபூட் செய்யுங்கள்.