மட்டாஞ்சேரி மிளகு வாணிபமும் மின்வழி வர்த்தகத்தின் சர்வதேச விதிகளும்

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தில் பாதுகாக்கப்பட்டுவரும் செப்பேடுகள், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழக் கி.பி. 1000ஆம் ஆண்டில் யூத வணிகர் தலைவனாகிய ஜோசப் ரப்பானுக்கு அளித்த 72 விடுபேறுகளை வட்டெழுத்தில் பதிவு செய்துள்ளன. அவற்றுள் பல்லக்கும் குடையும் போன்ற கௌரவங்களைவிட ஆராய்ச்சியாளனின் கவனத்துக்கு அதிகம் உரியவை இரண்டு: சுங்கமாகிய உல்கு அவனுக்கு நீக்கப்பட்டது, சரக்கை நிறுப்பதற்குரிய துலாக்கூலியும் நீக்கப்பட்டது. கடல் கடந்த வாணிபத்தை ஆள முற்படும் எந்த அதிகாரமும், தீர்வையை வாங்குபவர் யார் என்பதோடு நில்லாமல், துலாக்கோலுக்குப் பொறுப்பாளி யார் என்பதையும் தீர்மானித்தே ஆகவேண்டும் என்பதை அச் சாசனம் உணர்ந்திருந்தது. மின்வழி வர்த்தகத்தைப் பற்றி உலக நாடுகள் கால் நூற்றாண்டுக்கு மேலாக நடத்திவரும் விவாதம் உல்கைப் பற்றியே பெரிதும் பேசித் துலாக்கோலைப் போதிய அளவு பேசவில்லை என்பதே என் கருத்து. அதற்குரிய சான்று மட்டாஞ்சேரியின் சமீப காலச் சரித்திரத்திலேயே கிடைக்கிறது.

போர்த்துக்கீசியரின் கடல் அனுமதிச் சீட்டுகளையும், 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரரின் ஏகபோக உடன்படிக்கைகளையும் இங்கே விரிக்க வேண்டுவதில்லை. சுதந்திர இந்தியாவில், 1952ஆம் ஆண்டின் முன்பேர ஒப்பந்தங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும், மறு ஆண்டு நிறுவப்பெற்ற முன்பேரச் சந்தை ஆணையமும் வகுத்த கட்டுக்கோப்புக்குள், 1957இல் இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வர்த்தகச் சங்கம் மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் தன் சந்தையை நடத்தலாயிற்று. பின்வரும் ஒரு மாதத்தில் ஒப்படைக்க வேண்டிய மிளகுக்கு இன்றே விலை பேசி, அதற்கு ஈடாக முன்பணம் கட்டி, உரத்த குரலில் ஏலங்கூறி, கேட்ட விலையை உடனுக்குடன் தொலைபேசியில் தெரிவித்து நடந்த அவ் வாணிபத்தில், வாங்குபவனும் விற்பவனும் ஒருவரையொருவர் முகம் அறிந்தவர்கள். சரக்கு கிடந்த பாண்டிகசாலைகளோ பஜார் சாலையில் நடந்து செல்லும் தொலைவில் இருந்தவை. மிளகின் லிட்டர் எடை குறைந்ததா, ஈரம் மிகுந்ததா, தூசும் காம்பும் நீக்கித் தரம் பிரிக்கப்பட்டதா என்ற ஐயம் எழுந்தால், சாக்கைத் திறந்து பார்த்து அன்றைய தினமே தீர்த்துக்கொள்ள முடிந்தது. அந்தச் சந்தை குற்றமற்றதாக இருந்ததென்று நான் வாதிக்கவில்லை. விலையும் சரக்கும் ஒரே ஊரில், ஒரே சங்கத்தின் பார்வையில் இருந்தன என்பதே நாம் குறித்துக்கொள்ள வேண்டிய விசேஷம்.

1997இல் அச் சங்கம் வெளிநாட்டு வணிகரும் பங்குபெறத்தக்க சர்வதேச மிளகுச் சந்தையாக உயர்த்தப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில்தான் ஐக்கிய நாடுகளின் சர்வதேச வர்த்தகச் சட்ட ஆணையம் மின்வழி வர்த்தகத்துக்கான மாதிரிச் சட்டத்தை ஏற்றிருந்தது. அதைத் தழுவி இந்தியா 2000ஆம் ஆண்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தை இயற்றியது. ஆசியாவையும் ஐரோப்பாவையும் பிணைத்த ஸீ-மீ-வீ 3 என்ற கடலடி வடமும், தென்னாப்பிரிக்காவிலிருந்து மலேசியா வரை நீளும் ஸேஃப் வடமும் ஏறத்தாழ அதே காலத்தில் கொச்சிக் கரையை அடைந்தன. 2003இல் தோன்றிய தேசியச் சரக்குச் சந்தைகள் கணினித் திரை வழியே முன்பேர வர்த்தகத்தைத் திறந்துவிட, மறு ஆண்டிலிருந்து மிளகின் முன்பேர விலை அவற்றுள் மும்பையை மையமாகக் கொண்ட என்.சி.டி.இ.எக்ஸ். என்ற சந்தையின் திரையில் நிச்சயிக்கப்படலாயிற்று, யூதத் தெருவின் ஏலக் குரல் படிப்படியாக ஓய்ந்தது. இதனால் விளைந்த நன்மையை மறைப்பது நியாயமன்று. இடுக்கியிலும் வயநாட்டிலும் உள்ள விவசாயி, தரகரின் சொல்லை மட்டும் நம்பாமல், விலையைத் தானே காண முடிந்தது. நம் போடிநாயக்கனூரிலும் இடுக்கியின் புற்றடியிலும் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட நறுமணப் பொருள் வாரியம் புகுத்திய ஏலக்காய் மின்னணு ஏலமும் அவ்வகையைச் சேர்ந்ததே.

ஆனால் 2012 டிசம்பரில் நேர்ந்தது என்ன? கொச்சியில் என்.சி.டி.இ.எக்ஸ். சந்தையின் அங்கீகாரம் பெற்ற கிடங்குகளில் இருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகில் கனிம எண்ணெய் கலந்துள்ளது என்ற புகாரின்மேல், உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அக் கிடங்குகளுக்கு முத்திரையிட்டனர். திரையில் விற்றுத் தீர்ந்ததாகக் கணக்கிடப்பட்ட சரக்கு, உண்ணத் தகுந்ததா என்ற விசாரணைக்குள் அகப்பட்டுக்கொண்டது. ஒப்படைப்பை நம்பிப் பணம் செலுத்தியவர்கள் செய்வதறியாது நின்றார்கள். 2013இல் மிளகின் முன்பேர வர்த்தகமே அச் சந்தையில் நின்றுபோயிற்று. ஒப்பந்தத்தைக் கண்காணித்தது முன்பேரச் சந்தை ஆணையம்; மிளகின் தூய்மையைக் கண்காணித்தது 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த உணவுப் பாதுகாப்பு அமைப்பு. இரண்டும் வெவ்வேறு அமைச்சுகளுக்கு உட்பட்டவை. ஒன்றின் அளவுகோலை மற்றொன்று தன் அன்றாடக் கடமையாகக் கருதியதில்லை. 2015 செப்டம்பரில் முன்பேரச் சந்தை ஆணையம் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பாகிய செபியோடு இணைக்கப்பட்டபோது நிதிச் சந்தையின் ஒழுங்கு வலுப்பெற்றது உண்மையே. எனினும் திரைக்கும் பாண்டிகசாலைக்கும் நடுவிலுள்ள இடைவெளி சட்டத்தால் நிரப்பப்படவில்லை.

சர்வதேச அரங்கிலும் இதே குறையைக் காண்கிறோம். 1998 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலக வர்த்தக ஸ்தாபனத்தின் மந்திரிகள், மின்வழி அனுப்பீடுகளுக்குச் சுங்கம் விதிப்பதில்லை என்று பிரகடனம் செய்தனர். அத் தற்காலிக ஏற்பாடு மகாநாட்டுக்கு மகாநாடு நீட்டிக்கப்பட்டு, 2024இல் அபுதாபியிலும் ஒரு முறை புதுப்பிக்கப்பட்டது. வளரும் நாடுகளின் வருவாயும் கொள்கைச் சுதந்திரமும் இதனால் குறுகும் என்று இந்தியா ஆட்சேபித்துவந்தது. 2017இல் புவனோஸ் ஐரிஸில் ஒரு சாரார் தொடங்கிய தனிப் பேச்சுவார்த்தையிலும் அது சேரவில்லை. ஆயினும் 2022இல் ஐக்கிய அரபு அமீரகத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் மின்வழி வர்த்தகத்துக்கென ஓர் அத்தியாயத்தையே ஏற்றது. சுங்கத்தைப் பற்றிய இந்தியாவின் ஐயத்தை நான் நியாயமென்றே கருதுகிறேன். ஆனால் இதைவிடக் கூர்ந்து நோக்கவேண்டியது வேறொன்று. பசிபிக் கரை நாடுகளின் 2018ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தம், மென்பொருளின் மூல நிரலைக் காட்டுமாறு ஓர் அரசு இறக்குமதிக்கு நிபந்தனை விதிப்பதைத் தடுக்கிறது. விலையையும் தரத்தையும் கணிப்பது மனிதனின் கையிலிருந்து இயந்திர நிரலுக்கு மாறிவரும் காலத்தில், அந்நிரலே துலாக்கோலாகிறது. அதைப் பரிசோதிக்கும் உரிமையைப் பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுக்கும் அரசு, பின்னொரு நாள் கிடங்கில் தகராறு எழும்போது எதைக்கொண்டு விசாரிக்கும்?

உலக வர்த்தக ஸ்தாபனத்தின் 1998ஆம் ஆண்டு வேலைத்திட்டம், மின்வழி வர்த்தகத்தைச் சரக்கு, சேவை, அறிவுச் சொத்து, வளர்ச்சி என்ற நான்கு குழுக்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. திரையில் பேசப்பட்ட கொச்சி மிளகு சரக்காகவும் சேவையாகவும் ஒருங்கே இருந்தபடியால், எந்த ஒரு குழுவின் எல்லைக்குள்ளும் அது முழுமையாக அடங்காது. 2012ஆம் ஆண்டுக் கிடங்கு விவகாரத்தின் முழு விவரத்தையும் நறுமணப் பொருள் வாரியத்தைக் கொண்டும் மட்டாஞ்சேரிச் சங்கத்தைக் கொண்டும் தொகுத்து, இந்த நான்கு குழுக்களும் சேர்ந்து ஆராய்வதற்குரிய முதல் சான்றாக ஜெனீவாவில் தாக்கல் செய்வது இந்திய வர்த்தக அமைச்சின் கடமையாகும்.