டர்னர் என்னும் பெயரும் கண்ணன் தேவன் மலையும்

மூணாற்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் 'டர்னர்' என்னும் பெயரைத் தாண்டிச் செல்ல இயலாது. 1877ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11ஆம் நாள் ஜான் டேனியல் மன்றோ என்பார் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைப்பகுதியைக் குத்தகையாகப் பெற்றார். பரப்பு ஏறத்தாழ 227 சதுர மைல். ஈராண்டு கழித்து, 1879இல், வடதிருவிதாங்கூர் நிலத் தோட்ட வேளாண் சங்கம் உருவாயிற்று. மன்றோவுடன் அம்முயற்சியில் முன்னின்றவர்கள் ஹென்றி டர்னரும், அவருக்குத் தம்பி முறையினரான ஏ. டபிள்யூ. டர்னரும் ஆவர். இளையவரைத் 'தம்பி டர்னர்' என்றே அனைவரும் வழங்கினர். ஒரே குடும்பப்பெயர் தாங்கிய இருவரைப் பிரித்தறிய ஆங்கிலம் உதவாத இடத்தில் நம் உறவுச்சொல் உதவியது போலும்.

டர்னர் என்பது தொழிலால் வந்த பெயர். கடைசல் பிடிப்பவன் என்பதே அதன் பொருள். கடைசல் பொறியைக் குறிக்கும் 'டோர்னோஸ்' என்னும் கிரேக்கச் சொல் இலத்தீனில் புகுந்து, பிரெஞ்சு வழியாக, 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர் ஆங்கிலத்தை அடைந்தது. அந்நாளில் இங்கிலாந்தின் எளிய மக்கள் உண்டதும் பருகியதும் பெரும்பாலும் மரக்கலங்களில்தான். கிண்ணமும் தட்டும் கடைந்து தருபவன் ஊர்தோறும் வேண்டப்பட்டான். ஆதலின் ஊர்தோறும் ஒரு டர்னர் இருந்தான். இலண்டன் மாநகரின் கடைசல் வினைஞர் குழாத்திற்கு முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1604இல் பட்டயம் வழங்கினார் என்பதிலிருந்து இத்தொழில் பெற்றிருந்த மதிப்பை உணரலாம். நம் அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடையும் கைவினைஞரை நினைத்துக்கொண்டால் அந்த ஆங்கிலக் கடைசல்காரனும் நமக்கு அயலானாகத் தோன்றமாட்டான்.

தொழிற்பெயர் எங்ஙனம் குடும்பப்பெயர் ஆயிற்று? தொடக்கத்தில் தகப்பன் டர்னர் என்றால் அவன் கடைபவன். மகன் அப்பம் சுட்டால் அவன் பேக்கர். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் இந்நிலை மாறத் தொடங்கிற்று. நிலப்பத்திரம், வழக்குமன்றச் சுவடி, வரிப்பட்டியல் ஆகியவை பெருகின. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் அரசு தலைவரி விதித்தது. இன்னாரென்று ஐயமின்றி எழுதவேண்டிய எழுத்தர், வாயில் வந்த அடைமொழியை ஏட்டில் ஏற்றினர். ஏட்டில் ஏறியது பேரனையும் தொடர்ந்தது. தொழில் பெயரைத் தந்ததென்னவோ உண்மையே. ஆயினும் அதனை நிலைநிறுத்தியது பதிவேடே என்பது என் துணிபு.

ஓவியர் ஜே. எம். டபிள்யூ. டர்னரின் தந்தை இலண்டனில் முடிதிருத்துநராகவும் பொய்முடி செய்பவராகவும் இருந்தார். பெயரில் மட்டுமே கடைசல் எஞ்சியிருந்தது. மூணாற்று மலையேறிய டர்னர்களும் அத்தகையோரே. அவர்கள் நாடியது தோட்ட நிலத்தை. கடைசல் பட்டறையை அன்று. வேடிக்கை யாதெனில், இங்கிலாந்தில் வெறும் பெயராகிவிட்ட அச்சொல் நம் எல்லைப்புறத்தில் மீண்டும் தொழிலாக உயிர்பெற்றுள்ளது. மலம்புழைத் தொழிற்பயிற்சி நிலையத்திலோ கோவைப் பட்டறைகளிலோ ஓர் இளைஞன் "நான் டர்னர்" என்றால் அவன் லேத்தில் இரும்பைக் கடைபவன் என்றே எவரும் கொள்வர்.

இனி அம்மலையின் பெயருக்கு வருவோம். அஞ்சுநாட்டுப் பகுதியின் தலைவராக இருந்த கண்ணன் தேவன் என்பாரின் பெயராலேயே மலை வழங்குகிறது என்பர். அந்நாட்டு ஊர்த்தலைமைக்கு 'மன்னாடி' என்று பெயர். பாலக்காட்டுப் பக்கம் 'மன்னாடியார்' என்றும், கொங்கு நாட்டில் 'மன்றாடியார்' என்றும் இதே வடிவம் பட்டப்பெயராகத் திகழ்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளிலோ மன்றாடி என்பவர் ஆடு மேய்ப்பவர். கோயிலில் ஒரு நுந்தாவிளக்கு எரிய 96 ஆடுகளைப் பெற்றுக்கொண்டு நெய் அளந்தவர் அவரே. மன்றத்தில் வழக்காடுபவர் என்று பொருள் கொள்வாரும் உளர். எப்பொருளாயினும், ஒரு வினையைக் குறித்த சொல் பெருமைப் பெயராக உயர்ந்தமைக்கு நம்மிடத்தும் சான்று உண்டு என்பதே இங்கு வேண்டுவது.

அம்மலைக்கு உழைக்க வந்தோரின் பெயர்கள் என்ன ஆயின? திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து போடிநாயக்கனூர் வழியாக மலையேறியவர்களைக் கங்காணிகள் திரட்டினர். கண்காணி என்னும் தமிழ்ச்சொல் கங்காணியாகி ஆங்கில அகராதியிலும் இடம்பெற்றுவிட்டது. இலங்கை, மலேயா வரை அச்சொல் சென்றது. தோட்டத்தில் செக்ரோல் என்று வழங்கிய ஆள்பதிவேட்டில் தொழிலாளர் கங்காணியின் குழுவாகவே அடங்கினர். மாடசாமி, கருப்பாயி என்று ஒற்றைப்பெயர். இன்ன கங்காணியின் ஆள் என்பதே அடையாளம். இங்கிலாந்து எழுத்தர் ஏட்டில் கிண்ணம் கடைந்தவனுக்குத் தன் தொழிலே பெயராயிற்று. இங்கே கொழுந்து கிள்ளியவளுக்கு மேற்பார்த்தவனின் தொழில் முகவரியாயிற்று. இந்த வேறுபாட்டைச் சிறிதென்று நான் கருதவில்லை.

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தில் அமைந்தன. அதன்பின் நம்மவர் எழுதும் விண்ணப்பங்களில் புதிய கட்டங்கள் தோன்றின. மலையாளிகள் வீட்டுப்பெயரை முதலெழுத்தாக இடுவர். நமக்கோ தந்தை பெயரே முதலெழுத்து. கடவுச்சீட்டுக் கேட்கும் குடும்பப்பெயருக்கு என்ன எழுதுவது என்று தடுமாறி, தாத்தா பெயரையோ ஊர்ப்பெயரையோ இட்டு நிரப்பியோர் பலர். அதனினும் கடுமையானது சாதிச் சான்றிதழ்ச் சிக்கல். 1950ஆம் ஆண்டுக்கு முன்பே குடும்பம் இம்மண்ணில் இருந்தமைக்கு ஆவணம் காட்டுமாறு தோட்டத்துத் தாழ்த்தப்பட்ட குடும்பங்களைக் கேட்கின்றனர். கங்காணி பெயரின்கீழ் 'மாடசாமி' என்று மட்டும் எழுதிய பழைய தாள் கிடைத்தாலும், அந்த மாடசாமி தன் பாட்டனாரே என்று பேரன் எவ்வாறு நிறுவுவான்?

ஆகவே நம் குடும்பங்களில் பழைய செக்ரோல் நகல், வைப்புநிதிச் சீட்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஏதேனும் பெட்டியடியில் கிடந்தால் அதனைக் கரையானுக்கு விடாதீர். தாளின் பின்புறம் பென்சிலால் இன்னாருடைய தந்தை, இன்ன ஊரினின்று வந்தவர், இன்ன தோட்டத்து இன்ன லயத்தில் வாழ்ந்தவர் என்று முதியோரைக் கேட்டு எழுதி வையுங்கள்.