துளை நேராக விழ வேண்டுமா? டிரில் கைடைப் பயன்படுத்தும் முறை

அலமாரி, ஸ்டூல், சாமி மேடை, துணி காயவைக்கும் சட்டம் என்று வீட்டுக்குத் தேவையான சிறு மரவேலைகளைத் தாங்களே செய்துகொள்வோர் நம்மிடையே பலர் உண்டு. அவர்களிடம் கைடிரில் இருக்கிறது. ஆனால், கையில் பிடித்து இடும் துளை நேராக விழுவதுதான் அரிது. மேலே குறித்த புள்ளியில் சரியாகத் தொடங்கும் துளை, பலகையின் அடியில் வேறொரு இடத்தில் வெளிவரும்.

38 மி.மீ. கனமுள்ள பலகையில் டிரில் 3 டிகிரி சாய்ந்தால், துளை மறுபக்கத்தில் 2 மி.மீ. விலகி வரும். அதே தவறு ஸ்டூல் காலில் நேர்ந்தால் விளைவு பெரிது. 400 மி.மீ. நீளமுள்ள கால் 2 டிகிரி தவறினால், அதன் நுனி 14 மி.மீ. தள்ளி நிற்கும். நான்கு கால்களும் ஆளுக்கொரு பக்கம் போனால் ஸ்டூல் ஆடும், மூட்டு தளரும். அதில் உட்காருபவர் வயதானவர் என்றால், இது அழகுக் குறை மட்டும் அல்ல.

தொழிற்கூடங்களில் இதற்கு நின்ற நிலையில் இயங்கும் பெரிய துளையிடும் இயந்திரம் இருக்கும். அடுக்குமாடி வீட்டில் அதற்கு இடம் இல்லை. அந்த இடத்தை ஓரளவு நிரப்புவதுதான் டிரில் கைடு எனப்படும் துளை வழிகாட்டி.

கருவியின் பாகங்கள்

தட்டையான அடித்தட்டு, அதன் மேல் இரண்டு இரும்புக் கம்பிகள், அந்தக் கம்பிகளில் மேலும் கீழும் நகரும் ஒரு பிடிப்பு ஆகியவைதான் இதன் முக்கிய பாகங்கள். நகரும் பிடிப்பின் கீழே பிட்டைப் பொருத்தும் சக் இருக்கும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை நமது டிரில்லின் சக்கில் மாட்ட வேண்டும். அழுத்தம் விட்டதும் பிடிப்பை மேலே தூக்க ஸ்பிரிங் இருக்கும். ஆழத்தைக் கட்டுப்படுத்த, கம்பியில் திருகி இறுக்கும் ஒரு வளையம் உண்டு. சாய்துளைக்காக, கம்பிகளை 45 டிகிரி வரை சாய்க்கக்கூடிய வகைகளும் கிடைக்கின்றன.

வாங்கும்போது கம்பிகளைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். பிடிப்பு பக்கவாட்டில் ஆடினால் துளையும் ஆடும். சக் எத்தனை மி.மீ. பிட்டை ஏற்கும் என்பதையும் பாருங்கள், 10 மி.மீ. அளவு பரவலாக உள்ளது. அடித்தட்டும் சக்கும் பிட்டின் நீளத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடும் என்பதால், கனமான பலகைக்கு நீளமான பிட் தேவைப்படும்.

முதலில் சோதனை

கைடில் அச்சிட்டிருக்கும் டிகிரிக் கோட்டை அப்படியே நம்பிவிடக் கூடாது. 0 டிகிரியில் வைத்து இறுக்கி, வேண்டாத பலகை ஒன்றில் துளையிட்டு, அதே அளவுள்ள நேரான உருளைக் குச்சி ஒன்றைச் செருகுங்கள். மூலைமட்டத்தைக் குச்சியின் முன்பக்கமும் பக்கவாட்டிலும் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒட்டி நின்றால் கைடு சரி. இல்லையென்றால், எந்தக் கோட்டில் வைத்தால் நேராக வருகிறது என்று கண்டுபிடித்து, அடித்தட்டில் அடையாளமிட்டுக் கொள்ளுங்கள்.

நேர்த்துளை இடும் முறை

1. துளையின் மையத்தை இரண்டு கோடுகள் வெட்டும் இடமாகக் குறித்து, ஆணி நுனியால் சிறு குழி போடுங்கள்.

2. பலகைக்கு அடியில் வேண்டாத பலகைத் துண்டு ஒன்றை வையுங்கள். பிட் வெளியே வரும்போது அடிப்பக்க மரம் பிய்ந்து போகாமல் அது தடுக்கும்.

3. டிரில்லை ஓட்டாமல் பிட்டின் நுனியைக் குழியில் இறக்கி, பிறகு அடித்தட்டைக் கிளேம்ப் போட்டு இறுக்குங்கள். கையால் மட்டும் பிடித்தால், பிட் மரத்தைக் கவ்வும்போது கைடு சுழன்றுவிடும்.

4. பிட்டை மேலே தூக்கி, டிரில்லை ஓடவிட்ட பிறகு இறக்குங்கள். 10 முதல் 15 மி.மீ. இறங்கியதும் மேலே தூக்கி மரத்தூளை வெளியேற்றுங்கள்.

5. பலமாக அழுத்தாதீர்கள். அழுத்தினால் கம்பிகள் வளையும், பிட்டும் விலகும்.

அடித்தட்டின் கீழ் ஒரு மரத்தூள் சிக்கினாலும் கைடு சாய்ந்துவிடும். ஒவ்வொரு துளைக்கு முன்பும் பலகையைத் துடைப்பது சின்ன வேலை; ஆனால் நேரான துளை அதில்தான் இருக்கிறது.

பலகையின் விளிம்பில் துளையிட

பல கைடுகளில் இரண்டு கம்பிகளையும் அடித்தட்டுக்குக் கீழே நீட்டிவைக்க முடியும். விளிம்பின் மேல் கைடை வைத்து, ஒரு கம்பி பலகையின் இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் தொடும் வரை திருப்புங்கள். பிட் தானாகவே கனத்தின் நடுவில் நிற்கும். பலகைகளைக் குச்சி வைத்து இணைக்கும் வேலைக்கு இது பெரிய உதவி. அடித்தட்டில் V வடிவப் பள்ளம் இருந்தால், உருளையான கட்டையிலும் குழாயிலும் நடுவே துளையிடலாம்.

சாய்துளை

சாய்வாக இடும்போது பிட்டின் நுனி முதலில் வழுக்கப் பார்க்கும். நடுவில் கூர்முனை உள்ள மரவேலைப் பிட்டைப் பயன்படுத்தினால் இது குறையும். கைடை அழுத்தும்போது அது பக்கவாட்டில் நகரவும் பார்க்கும். ஆகவே, இரு பக்கமும் கிளேம்ப் தேவை. அடித்தட்டின் கீழே உப்புத்தாள் ஒட்டினால் பிடிப்பு கூடும்.

கைடைச் சாய்த்ததும் பிட் இறங்கும் இடம் மாறிவிடும். எனவே, அடித்தட்டில் உள்ள மையக்கோட்டைப் பார்த்து வைக்காமல், பிட்டின் நுனியைக் குறித்த புள்ளியில் இறக்கிப் பார்த்த பிறகே இறுக்க வேண்டும். துளையின் நீளமும் கூடும்: 25 மி.மீ. பலகையில் 45 டிகிரித் துளை சுமார் 35 மி.மீ. நீளம் வரும். ஆழ வளையத்தை அதற்கேற்ப வைக்க வேண்டும்.

ஸ்டூல் கால் கணக்கு

ஸ்டூலின் கால் முன்பக்கமும் பக்கவாட்டிலும் விரிந்து நிற்க வேண்டும் என்றால், இரண்டு சாய்வுகளைத் தனித்தனியாக வைக்கத் தேவையில்லை. இரண்டும் ஒரே அளவாக இருந்தால், சதுரப் பலகையின் மூலைவிட்டக் கோட்டில் ஒரே ஒரு சாய்வு வைத்தால் போதும். இரு பக்கமும் 5 டிகிரி என்றால் கைடை 7 டிகிரியில் வையுங்கள். 10 டிகிரி என்றால் 14. 15 டிகிரி என்றால் ஏறத்தாழ 21.

இருக்கைப் பலகையைக் கவிழ்த்து வைத்து, மூலைக்கு மூலை கோடு போடுங்கள். கைடு அந்தக் கோட்டின் நேரே, டிரில் மூலையை நோக்கி வெளிப்பக்கம் சாய்ந்திருக்குமாறு அமைய வேண்டும். கால் எப்படிச் சாய்ந்து நிற்குமோ, டிரில்லும் அப்படியே நிற்க வேண்டும். நான்கு துளைகளும் முடியும் வரை சாய்வுத் திருகைத் தளர்த்தாதீர்கள்.

மரத்துக்கேற்ற வேகம்

25 ஆண்டுகளுக்கு மேல் பால் கொடுத்து வெட்டப்படும் ரப்பர் மரம்தான் இன்று நம் வீடுகளில் நாற்காலியாகவும் மேசையாகவும் இருக்கிறது. இதிலும் மெராந்தியிலும் துளையிடுவது எளிது. செங்கால், பாலாவ் போன்ற கடின மரங்களில் சிறிய பிட்டால் முதலில் துளையிட்டு, பிறகு பெரிய பிட்டைப் போடுவது நல்லது. சிறிய பிட்டுக்கு வேகம் அதிகம், பெரிய பிட்டுக்கு வேகம் குறைவு என்பது பொது விதி. புகை வந்தால் பிட் மழுங்கிவிட்டது அல்லது வேகம் அதிகம் என்று பொருள்.

பாதுகாப்பு

கண்ணாடி அணியுங்கள். கையுறை வேண்டாம், சுழலும் பிட் அதை இழுத்துக்கொள்ளும். துப்பட்டா, முந்தானை, தொங்கும் சங்கிலி, அவிழ்ந்த தலைமுடி ஆகியவற்றுக்கும் இதே ஆபத்து உண்டு. பிட்டை மாற்றும்போது மின்இணைப்பைத் துண்டியுங்கள், அல்லது பேட்டரியைக் கழற்றுங்கள். சுவரில் துளையிட உதவும் சுத்தியல் அடி முறையை கைடுடன் பயன்படுத்தாதீர்கள். அந்த அதிர்வைத் தாங்க அது செய்யப்படவில்லை.

கைடு ஆண்டில் சில நாட்கள் மட்டுமே தேவைப்படும் பொருள். அக்கம்பக்கத்தில் நான்கு வீட்டார் சேர்ந்து நல்லதாக ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம். யார் எடுத்துச் சென்றாலும், வேலையைத் தொடங்குமுன் அந்தச் சோதனைத் துளையை மட்டும் தவறாமல் இட்டுப் பார்க்க வேண்டும்.