ஹெர்ட்டன் ஃபிளாப்பியும் மதுரைத் திட்டமும்

ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பகுதியில் ஹெர்ட்டன் என்று ஓர் ஊர். 1985-இல் வொல்ஃப்காங் பூர்கர் என்பவர் அங்கே அட்டாரி வீட்டுக் கணினி வைத்திருப்பவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். அட்டாரி பிட் பைட்டர் யூசர் கிளப் என்று பெயர். சுருக்கி 'அபக்' என்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உறுப்பினர்களுக்கு இதழ் தபாலில் போகும். அந்த இதழ் ஓர் ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி. அட்டாரியில் செருகினால்தான் பக்கம் திறக்கும். எட்டு பிட் கணினி வரிசைக்கான ஆதரவை அட்டாரி நிறுவனம் 1992 தொடக்கத்தில் நிறுத்திவிட்டது. சில ஆண்டுகளில் அந்த நிறுவனமே இன்னொன்றோடு இணைந்து கரைந்தும் போனது. இதழ் நிற்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளைத் தாண்டியும் காலாண்டு தவறாமல் வந்தது.

1998 பொங்கலன்று நம் பக்கம் ஒன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரமும், அமெரிக்காவின் பிளாக்ஸ்பர்க்கில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் சேர்ந்து தமிழ் இலக்கியங்களைக் கணினியில் ஏற்றி இலவசமாக வெளியிடும் முயற்சியை ஆரம்பித்தார்கள். மதுரைத் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். சங்கம் வளர்த்த ஊர் என்ற நினைவுதான் அந்தப் பெயருக்குக் காரணம். முதல் வெளியீடு திருக்குறள்.

ஒன்று இதழ், மற்றது நூல் வரிசை. இரண்டையும் எப்படி அருகருகே வைப்பது என்று கேட்கலாம். நான் வைக்கலாம் என்றே நினைக்கிறேன். மதுரைத் திட்டத்தின் நூல்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வெளியீட்டு எண் உண்டு. அடுத்த எண் எப்போது வரும் என்று காத்திருந்த ஒரு சிறு கூட்டமும் இருந்தது. அதில் பாதிப்பேர் அடுத்த எண்ணுக்குத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்கள். ஹெர்ட்டன் கிளப்பிலும் அதே கதைதான்: எழுதுபவர், நிரல் அனுப்புபவர், படிப்பவர் எல்லாம் ஒரே ஆட்கள். இரண்டிலும் யாருக்கும் சம்பளம் கிடையாது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து செய்த வேலை இது. கணினி மேல் பித்துக்கொண்டவர்கள் தங்கள் வட்டத்துக்காகச் செய்த வெளியீடு என்ற வகையில் இரண்டும் ஒரே இனம். பித்து எதன் மேல் என்பதில்தான் வேறுபடுகின்றன.

முதலில் ஹெர்ட்டன். அட்டாரி 800எக்ஸ்எல் பெட்டிக்குள் இருக்கும் நினைவகம் 64 கிலோபைட். ஃபிளாப்பியின் ஒரு பக்கத்தில் 720 பிரிவுகள், பிரிவுக்கு 128 பைட்; மொத்தம் ஏறக்குறைய 90 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட இதில் அடங்காது. இந்த இடத்துக்குள் கட்டுரை, விளையாட்டு, இசை, படம் எல்லாவற்றையும் வைக்க வேண்டும். இந்த இதழின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. ஒரு நிரலைப் பற்றிய கட்டுரையைப் படித்து முடித்தால், அதே வட்டில் அந்த நிரலும் இருக்கும். சொல்வதும் சொல்லப்படுவதும் ஒரே பொருளில், ஒரே எந்திரத்தில். அச்சிதழ் எதற்கும் இந்த வசதி இல்லை.

கிளப் ஆண்டுதோறும் மென்பொருளுக்கு ஒரு போட்டி, வன்பொருளுக்கு ஒரு போட்டி நடத்துகிறது. 1979-இல் கடைக்கு வந்த கணினிக் குடும்பத்துக்கு இன்றும் புதிய விளையாட்டும் புதிய அட்டையும் வருகின்றன. எந்திரத்தின் எல்லை நகராது என்பதால் அதற்குள் என்ன செய்ய முடியும் என்ற கைத்திறன் ஆழமாகிக்கொண்டே போகிறது. ஆண்டுக்கொரு முறை ஹெர்ட்டனில் பொதுக்கூட்டம். பழைய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வரிசையாக வைக்கிறார்கள், பழுது பார்த்துக்கொள்கிறார்கள், உதிரிபாகம் மாற்றிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் ஆப்பிள் 2 கணினிக்கு இப்படி ஒரு கூட்டம் உண்டு. அந்த வரிசையின் கடைசிக் கணினியை ஆப்பிள் 1993-இல் நிறுத்திய பின், 1996-இல், 'ஜூஸ்ட் ஜிஎஸ்' என்ற காலாண்டிதழ் அதற்கென்றே அச்சில் தொடங்கியது. கடை மூடிய பிறகு பத்திரிகை தொடங்குவது வியாபாரக் கணக்குக்குப் பொருந்தாத செயல். ஆனால் அங்கே இருந்தவர்களுக்கு அந்தக் கணினி வியாபாரமாக இருந்ததே இல்லை. பதின்ம வயதில் தங்கள் அறையில் தாங்களே ஆண்ட முதல் பொருள் அது.

நமக்கு அந்தப் பதின்ம வயது அமையவில்லை. 1984-85-இல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் நாடு முழுக்க 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. வீட்டுக்கு வரவில்லை. மதுரையில் நடுத்தர வீட்டுக்கு முதல் கணினி வந்தது பெரும்பாலும் தொண்ணூறுகளின் கடைசியில், பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய அசெம்பிள்டு பெட்டியாக. அதற்கு முன் கம்ப்யூட்டர் சென்டரில் பணம் கட்டி மணிக்கணக்கில் உட்கார்ந்ததுதான். பெட்டி மேல் பாசம் வைக்க நேரமே இல்லை. அதற்குள் அடுத்த மாடல் வந்துவிட்டது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஹெர்ட்டன் பையன் அட்டாரியை வாங்கிய அன்றே அதில் தன் பெயரை எழுதிப் பார்த்திருப்பான். நம்மால் முடியவில்லை. அட்டாரியில் ஓர் எழுத்துக்கு ஒதுக்கிய இடம் எட்டுக்கு எட்டுப் புள்ளி. அதில் 'ட' எழுதலாம், 'ப' எழுதலாம். 'ஞ', 'ணி', 'ஸ்ரீ' எழுதிப் பாருங்கள், புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி எழுத்து அடையாளம் தெரியாமல் போகும். ஆகவே, நம்மவர்களில் கணினிப் பித்துப் பிடித்தவர்களின் உழைப்பெல்லாம் எழுத்தின் பக்கம் போனது. 1984-இல் கனடாவில் சீனிவாசன் என்பவர் 'ஆதமி' என்ற தமிழ் எழுதும் மென்பொருளைச் செய்தார். 1985-இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' தந்தார். கல்யாணசுந்தரமே 'மயிலை' என்ற எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தவர்தான். மதுரைத் திட்டத்தின் வேர் இங்கே இருக்கிறது. எழுத்தைத் திரைக்குக் கொண்டுவந்தாயிற்று, இனி அதில் என்ன படிப்பது என்ற கேள்விக்கு விடையாகத்தான் நூல் வரிசை வந்தது.

அதனால் ஹெர்ட்டன்காரர்கள் ஒருபோதும் செய்ய வேண்டியிராத ஒரு வேலை இவர்கள் தலையில் விழுந்தது: குடிபெயர்வது. ஆரம்ப நூல்கள் மயிலை, இணைமதி போன்ற எழுத்துருக்களை நம்பி வந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குறள் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாகச் சிதறிக் கிடக்கும். 1999-இல் திஸ்கி என்ற பொதுக் குறியீட்டுக்கு மாறினார்கள். அதே ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாப், டாம் என்று வேறு இரண்டு தரங்களை அறிவித்தது. பின்னர் யூனிகோடு வந்தது. குறியீடு மாறிய ஒவ்வொரு முறையும் ஏற்றிய நூல்களை எல்லாம் பெயர்த்துக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

பெயர்ப்பது என்றால் பொத்தானை அழுத்துவது என்று நினைக்கக் கூடாது. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திஸ்கியில் அது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும்: கொம்பு, க, கால். யூனிகோடில் ககரம் முதலில், ஒகரக் குறி பின்னால். மாற்றும் நிரல் ஒவ்வொரு கொம்பையும் பிடித்து அது யாருக்குச் சொந்தம் என்று பார்த்து இடம் மாற்ற வேண்டும். மூலத்தில் தட்டச்சு செய்தவர் 'ர' போட வேண்டிய இடத்தில் உருவம் ஒன்றுபோல் இருக்கிறதே என்று காலைப் போட்டிருந்தால், அச்சில் பார்க்கும்போது யாருக்கும் தெரியாது. பெயர்க்கும்போது நிரல் தடுமாறும். 'ஔ' எழுத வேண்டிய இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் பக்கத்தில் வைத்த கதையும் உண்டு. இதையெல்லாம் பிடிக்க மனிதக் கண்தான் வேண்டும். செய்யுளில் இன்னொரு சிக்கல்: சீர் பிரித்து எழுதுவதா, சொல் பிரித்து எழுதுவதா? பழைய பதிப்பில் அச்சுப்பிழை இருந்தால் திருத்துவதா, இருப்பதைக் காட்டுவதா? உரையாசிரியர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும் இருந்த அதே தலைவலி, விசைப்பலகை முன்னால்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உரை எதுவும் இல்லாமல் 1330 குறளையும் திஸ்கியில் ஏற்றினால், எழுத்துக்கு ஒன்றிரண்டு பைட் என்ற கணக்கில், ஏறத்தாழ அட்டாரி ஃபிளாப்பியின் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். இன்று வழங்கும் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கிறது. அதே குறள் அதே வட்டில் அடங்காது. இடத்தை விட்டுக்கொடுத்து நாம் வாங்கியது, எந்த எந்திரத்திலும் எந்த எழுத்துருவிலும் படிக்க முடிகிற விடுதலை. ஹெர்ட்டன்காரர்கள் விடுதலையை விட்டுக்கொடுத்து இடத்தோடு வாழ்கிறார்கள். எது மேல் என்று கேட்டால், தயங்காமல் நம்முடையது என்பேன். சங்கப் பாடலிலிருந்து பொன்னியின் செல்வன் வரை நூற்றுக்கணக்கான நூல்கள் இன்று பெட்டி மாறினாலும் அழியாமல் இருப்பது அந்தக் குடிபெயர்வால்தான்.

ஆனால் சங்கம் என்ற சொல்லுக்குரிய ஒன்றுகூடலில் ஹெர்ட்டன் நம்மைத் தாண்டி நிற்கிறது. அவர்களுக்கு உறுப்பினர் பட்டியல் உண்டு, சந்தா உண்டு, முகம் பார்க்க ஆண்டுக்கு ஒரு நாள் உண்டு. மதுரைத் திட்டத் தொண்டர்கள் கண்டம் விட்டுக் கண்டம் பிரிந்து கிடந்தவர்கள். பலர் ஒருவரையொருவர் மின்னஞ்சலில் மட்டுமே அறிந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்த ஒரே மேடை கோப்பின் தலைப்புப் பக்கம். எந்த நூலைத் திறந்தாலும் முதலில் அதுதான் வரும்: தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார், வலைக்கு ஏற்றியவர் யார். கூடவே ஒரு வேண்டுகோள்: இந்தக் கோப்பை யாருக்கும் தாராளமாகக் கொடுங்கள், இந்தத் தலைப்புப் பகுதியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். விலை என்று அவர்கள் கேட்டது அவ்வளவுதான். அதைக்கூடக் கொடுக்காமல் தலைப்பை வெட்டிவிட்டு நூலை மட்டும் எடுத்துத் தங்கள் செயலியிலும் தளத்திலும் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. இது எனக்கு ஆறாத வருத்தம். ஒரு நெடுங்காப்பியத்தை ராத்திரி ராத்திரியாகத் தட்டிய ஒருவரின் பெயரை நீக்க ஒரு நொடி போதும். நீக்கிய பிறகு அந்த உழைப்பு யாரும் செய்யாமல் தானாக முளைத்தது போல் ஆகிவிடுகிறது.

மதுரையில் தல்லாகுளத்தில் இருக்கும் எனக்கு இது உறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவைக்கு அழகர் வரும்போது வழிநெடுக மண்டகப்படி. எந்த மண்டகப்படி எந்தக் குடும்பத்தாருடையது, எந்தச் சமூகத்தாருடையது என்று எழுதியிருக்கும். சாமி அங்கே நின்றுதான் போகும். யாரும் கூலிக்குச் செய்வதில்லை, ஆனால் பெயரை அழிக்க யாருக்கும் மனம் வராது. மெய்ப்புப் பார்த்தவரின் பெயரும் அப்படிப்பட்ட மண்டகப்படிதான்.

மதுரைத் திட்டத்துக்குப் பின்னால் வந்தவர்கள், கூட ஓர் இடமும் பெயருக்குக் காப்பும் இல்லாத குறையை ஓரளவு புரிந்துகொண்டார்கள். 2005-இல் தொடங்கிய ஈழத்தின் நூலகம் திட்டம், 2012-இல் வேறொரு சீனிவாசன் தொடங்கிய 'கணியம்' இதழ், அதைத் தொடர்ந்து வந்த இலவச மின்னூல் முயற்சி எல்லாம் ஊரில் கூடுகின்ற ஆட்களையும் திரட்டின. கணியம் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் சொல்லும் இதழ். கட்டுரைகளை யாரும் பெயர் குறிப்பிட்டு எடுத்தாளலாம் என்ற உரிமத்தை வெளிப்படையாக வைத்தது. தலைப்புப் பக்கத்தின் வேண்டுகோள் இங்கே உரிமமாக வளர்ந்திருக்கிறது.

ஹெர்ட்டனிடமிருந்து நாம் வாங்காமல் விட்டது பழைய எந்திரத்தை ஓடும் நிலையில் வைத்திருக்கும் பழக்கம். அதன் விளைவை தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கமே பார்க்கலாம். கல்லூரிகள் சூழ்ந்த பகுதி இது. ஆய்வேடு தட்டச்சு செய்து பைண்டிங் போட்டுக் கொடுக்கும் டிடிபி கடைகள் இங்கே எப்போதும் உண்டு. தொண்ணூறுகளில் அந்தக் கடைகளில் தட்டிய ஆய்வேடுகள், கோயில் மலர்கள், சிற்றிதழ்கள், கவிதைத் தொகுப்புகள் எல்லாம் ஃபிளாப்பியில் போனவை. பாமினி, ஸ்ரீலிபி, வானவில் என்று கடைக்கொரு எழுத்துரு. அச்சான பிரதி நூலகத்தில் கிடைத்தால் உண்டு; சிறு வெளியீடுகள் பலவற்றுக்கு அதுவும் இல்லை. வட்டு யார் வீட்டு அலமாரியிலோ இருக்கிறது, படிக்கும் டிரைவ் இல்லை. டிரைவ் கிடைத்தாலும் காந்தப் பூச்சு உதிரத் தொடங்கியிருக்கும்.

இந்த வட்டுகளை மீட்க இரண்டு கூட்டத்தாரின் திறமையும் வேண்டும். வட்டிலிருந்து பைட்டுகளை வெளியே எடுப்பது ஹெர்ட்டன்காரர்களுக்குக் கைவந்த வேலை: டிரைவின் தலையைத் துடைப்பது, ஓடாத மோட்டாரை ஓட வைப்பது, படிக்காத பிரிவைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்ப்பது. வெளியே வந்த பைட்டுகள் பாமினியா வானவில்லா என்று கண்டுபிடித்து, கொம்பையும் காலையும் இடம் சேர்த்து, யூனிகோடாக்கி மெய்ப்புப் பார்ப்பது மதுரைத் திட்டத்தாரின் வேலை. எழுத்துரு மாற்றும் கட்டற்ற கருவிகள் தமிழில் ஏற்கெனவே இருக்கின்றன. ஓடுகிற ஒரு மூன்றரை அங்குல டிரைவும் ஓர் ஐந்தேகால் அங்குல டிரைவும், வாரத்தில் ஒரு சாயங்காலம் திறந்திருக்கும் ஓர் அறையும் இருந்தால் தொடங்கிவிடலாம். கல்லூரிகளின் கணினித் துறைக் கிடங்கில் அந்த டிரைவுகள் காயலான் கடைக்குப் போகும் முன் கேட்டு வாங்க வேண்டும். மீட்ட கோப்பின் முதல் பக்கத்தில், முதலில் தட்டியவரின் பெயரும் இப்போது மீட்டவரின் பெயரும் இருக்க வேண்டும்.