கடைசி நாள்களில் ஒரு துணை

"இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள்" என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டால், சிம்பாங் அம்பாட் வட்டாரத் தோட்டங்களில் நோயாளிக்குத் துணை, குடும்பமும் அண்டை வீட்டாருமே. வலிக்கு வழி தெரியாமல் நாம் கலங்கினோம்.

லண்டனில் தாதியாயிருந்து பின்னர் டாக்டரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். வலி திரும்புமுன்பே, மணி தவறாமல் மருந்து கொடுக்கும் முறையை வளர்த்தார்; குடும்பத்தின் துயரையும் கவனித்தார். அந்த வழியில் 1991இல் கோலாலம்பூரில் ஹோஸ்பிஸ் மலேசியா தோன்றியது. 1990களில் பினாங்கிலும் தேசியப் புற்றுநோய்ச் சங்கக் கிளையின் தாதியர் நோயாளிகளின் வீடு தேடிச் சென்றனர்.

மார்ஃபின் என்றாலே நாம் அஞ்சுகிறோம். டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அது வலியைத் தணிக்கும், உயிரைப் பறிக்காது. ஆகவே, "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று பெரியவர்களிடம் சொல்வதை விடுத்து, அவர்கள் வலியைத் தாதியிடம் சொல்வோம்.