பிணியுற்ற நாய்க்கு அடைக்கலம்: சமண மரபின் ஒரு வரலாறு

திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில், அந்தணர்க்கென வைத்த சோற்றைத் தீண்டியதற்காக அடிபட்டுக் குற்றுயிராகக் கிடந்த நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் இறந்து சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, நன்றி மறவாமல் அவனைத் தேடி வருகிறது. குணமாலையார் இலம்பகத்து இந்நிகழ்ச்சியை அறியாத தமிழ்ச் சமணர் இல்லம் அரிது. மந்திரத்தின் பெருமைக்குச் சான்றாகவே இது பெரிதும் எடுத்துரைக்கப்படுகிறது. அரச குமரன் ஒருவன் சாகும் தறுவாயிலிருந்த நாயின் அருகே குனிந்தான் என்பதும் அதே அளவு எண்ணத்தக்கது.

இவ்விரக்கம் காப்பியத்தோடு நின்றுவிடவில்லை. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குஜராத்தின் காம்பே நகரைப் பற்றி எழுதிய ஆங்கில வணிகர் ரால்ஃப் ஃபிட்ச், முடமான நாய்களுக்கும் பூனைகளுக்கும் பறவைகளுக்கும் அங்கே மருத்துவ இல்லங்கள் இருந்தமையைக் குறித்திருக்கிறார். 1623இல் அந்நகருக்கு வந்த இத்தாலியர் பியத்ரோ தெல்லா வாலேயும் பறவைகளின் மருத்துவ இல்லத்தைக் கண்டு விரிவாக எழுதினார். அயலார்க்கு அது வியப்பாயிருந்தது. நகரத்து வணிகர்க்கோ அன்றாட அறம்.

இவ்வரலாற்றில் நாய்க்கெனத் தனியே ஓர் அத்தியாயம் உண்டு. 1832 ஜூன் மாதத்தில் பம்பாயில் ஆங்கில அரசின் காவலர்கள் தெருநாய்களைக் கொன்று குவித்தனர். நாயைப் புனிதமாகப் போற்றும் பார்சிகள் முதலில் கிளர்ந்தெழுந்தனர், இந்துக்களும் சமணர்களும் உடன் சேர்ந்தனர், கடைகள் அடைக்கப்பட்டன. படை வந்து கலவரத்தை அடக்கியது. எனினும் செய்தி அத்துடன் முடியவில்லை. 1834இல் பார்சி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் சமண வணிகர் மோதிசா சேட்டும் முன்னின்று பம்பாய்ப் பாஞ்சராப்போலை நிறுவினர். எதிர்ப்புத் தெரிவித்ததோடு அமையாமல், காக்க விரும்பிய உயிர்களுக்கு இடமும் தீனியும் அளிக்கும் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டதே இதில் பாராட்டத்தக்கது. காலப்போக்கில் பாஞ்சராப்போல்கள் பெரும்பாலும் பசுக்களின் இல்லங்களாயின. நாய் பின்தள்ளப்பட்டது.

சென்னையில் 1959இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு அவ்விடத்தை ஓரளவு நிரப்பியது. இன்று இத்தகைய காப்பகங்களிலிருந்து நாயை எடுத்து வளர்ப்போர் பெருகியுள்ளனர். ஆனால் அவர்கள் கை நீள்வது நலமுள்ள குட்டிகளை நோக்கியே. டிஸ்டெம்பர் நோயிலிருந்து பிழைத்தும் கால் துடிப்பு நீங்காத நாயும், விபத்தில் முதுகெலும்பு முறிந்து பின்கால் செயலிழந்த நாயும் கூண்டிலேயே தங்கிவிடுகின்றன. செயலிழந்த நாய்க்கு நாளும் பலமுறை சிறுநீர்ப்பையை அழுத்தி வெளியேற்ற வேண்டும். படுக்கைப் புண் வாராமல் புரட்டிப் போட வேண்டும். ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் சாத்திரம் நீங்கலாக மூன்றும் இவ்வொரு பணியில் அடங்கும்.

ஏற்பதற்கு முன் இல்லறத்தார் எண்ணவேண்டியது ஒன்றுண்டு. அகிம்சை அணுவிரதத்திற்கு உமாசுவாமிகள் கூறும் ஐந்து அதிசாரங்கள் கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல் என்பன. இரக்கத்தால் கொண்டுவந்த நாயை நாள் முழுதும் சங்கிலியில் பிணிப்பது முதற்குற்றத்தில் சேரும். தயிர்ச்சோறு மட்டுமே இட்டு மெலியவிடுவது இறுதிக்குற்றத்தை நெருங்கும். மரக்கறி உணவிலேயே நாயை வளர்க்கலாம், ஆயினும் புரதம் முதலிய சத்துகள் குறையாதவாறு கால்நடை மருத்துவரிடம் கேட்டே அமைக்க வேண்டும்.

இதனினும் கடினமானது முடிவுக்காலம். நோய் முற்றியபோது ஊசியிட்டுக் கருணைக்கொலை செய்யலாமா என்னும் வினா எழும். சல்லேகனையை இதற்குச் சான்றாகக் காட்டுவோர் உளர்; அது பொருந்தாது. சல்லேகனை ஒருவர் தெளிந்த அறிவோடு தாமே மேற்கொள்ளும் நோன்பு. வாய்பேசாத உயிரின்மேல் பிறர் அதனைச் சுமத்த இயலாது. அதற்காக வலியை வேடிக்கை பார்ப்பதும் அறமன்று. வலி தணிக்கும் மருந்து, தூய படுக்கை, நாவை நனைக்கும் நீர், பழகிய குரல் ஆகியவற்றை இறுதி மூச்சுவரை அளிக்க முடியும். பல இரவுகள் உறக்கம் இழக்க நேரிடும், செலவும் மிகும். குடும்பத்தார் அனைவரும் முன்னரே அமர்ந்து பேசி, யார் எந்த வேளையைப் பார்ப்பது என்று வகுத்துக்கொண்டபின் அவ்வுயிரை வீட்டிற்கு அழைத்துவருவது நன்று.