கல்முனைக் கரையில் மக்கள் கருத்தை அளந்த கதை

அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் மக்கள் கருத்தை அறிவதற்கு நெடுங்காலம் இருந்த வழி குடியும் பள்ளிவாசலும்தான். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தெற்கே பொத்துவில் வரை நீளும் இந்த ஊர்களில் தாய்வழியாக வரும் குடிமுறை உண்டு. குடிக்கு ஒரு மரைக்காயர் என்ற கணக்கில் கூடும் சபை பள்ளிவாசலை நிர்வகித்தது. ஊரில் ஒரு வழக்கோ, நிலத் தகராறோ, தேர்தலோ வந்தால் அந்தச் சபை பேசி முடிவெடுக்கும். அந்த முடிவே ஊரின் கருத்தாக வெளியே போகும். மரைக்காயருக்குத் தம் குடியின் மனம் தெரிந்திருக்கும் என்பது நம்பிக்கை. பெரும்பாலும் தெரிந்தும் இருந்தது. ஆனால் பெண்களும் இளைஞர்களும் வெளியூரிலிருந்து வந்து கூலிக்கு உழைத்தவர்களும் அந்தச் சபையில் இருக்கவில்லை. அவர்கள் எண்ணம் தனியே கேட்கப்பட்டதும் இல்லை.

1931இல் வந்த சர்வஜன வாக்குரிமை இதை ஓரளவு மாற்றியது. 21 வயது நிரம்பிய பெண்ணும் ஆணும் தனித்தனியே, மறைவில், வாக்கிட்டார்கள். எனினும் வாக்கு ஒருவரைத் தெரிவு செய்வதற்கான கருவி; ஏன் அவரைத் தெரிவு செய்தார்கள் என்பதை அது சொல்லாது. 1956 தேர்தல் இதற்கு நல்ல சான்று. அவ்வாண்டு கல்முனையில் கேட் முதலியார் எம்.எஸ். காரியப்பரும் பொத்துவிலில் எம்.எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சி வேட்பாளர்களாக நின்று வென்றார்கள். பின்னர் இருவரும் கட்சியை விட்டு அரசாங்கப் பக்கம் சேர்ந்தார்கள். அந்த வாக்குகள் சமஷ்டிக் கோரிக்கைக்கு விழுந்தவையா, தனிச் சிங்களக் கொள்கைக்கு எதிராக விழுந்தவையா, காரியப்பர் என்ற மனிதருக்கும் அவரது குடும்பச் செல்வாக்குக்கும் விழுந்தவையா என்பதைப் பெட்டியை எண்ணிச் சொல்ல முடியாது. கிழக்கு முஸ்லிம்கள் தமிழ்த் தேசிய அரசியலை ஏற்றார்கள் என்று ஒரு சாராரும், ஒருபோதும் ஏற்கவில்லை என்று மறுசாராரும் அதே முடிவைக் காட்டி இன்றுவரை வாதிடுவது இதனால்தான்.

அதே காலத்தில் உலகின் வேறு பகுதிகளில் கருத்துக்கணிப்பு ஒரு தொழிலாகவே வளர்ந்திருந்தது. 1936 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் 1 கோடி அட்டைகளை அனுப்பி, திரும்பி வந்த 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை வைத்து ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. ஜோர்ஜ் காலப் அதைவிட மிகச் சிறிய, ஆனால் கவனமாகத் தேர்ந்த மாதிரியைக் கொண்டு ரூஸ்வெல்ட் வெல்வார் என்றார். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைவிட யாரைக் கேட்டோம் என்பது முக்கியம் என்ற பாடம் அங்கே நிலைபெற்றது. இந்தியாவில் 1950களிலேயே எரிக் டா கொஸ்டா பொதுசன அபிப்பிராய நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார். இலங்கையில் இந்தத் தொழில் வேரூன்ற இன்னும் பல பத்தாண்டுகள் சென்றன.

இடைப்பட்ட காலத்தில் அரசே மக்களிடம் நேரடியாக ஒரு கேள்வி கேட்டது. 1982 டிசம்பர் 22இல் நடந்த சர்வஜன வாக்கெடுப்பு, பொதுத் தேர்தலை நடத்தாமல் இருக்கும் பாராளுமன்றத்தின் ஆயுளையே நீடிக்கலாமா என்று கேட்டது. ஆம் என்போருக்கு விளக்கு, இல்லை என்போருக்குக் குடம். நாடு முழுவதும் 54.66 சதவீதம் விளக்குக்கு விழுந்தது. நாட்டின் வரலாற்றில் நடந்த ஒரே சர்வஜன வாக்கெடுப்பு இதுதான். தேர்தலைத் தவிர்ப்பதற்காகவே அது நடத்தப்பட்டது என்பதால், மக்களின் கருத்தைக் கேட்கும் அந்த முறைமீதே ஒரு கசப்புத் தங்கிவிட்டது.

கிழக்கு மாகாணத்துக்கு மட்டும் உரிய இரண்டாவது வாக்கெடுப்பு ஒன்று எழுத்தில் இருந்தது. 1987 ஜூலை 29இல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவும் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்தது. கிழக்கு மக்கள் அந்த இணைப்பைத் தொடர விரும்புகிறார்களா என்பதை 1988 டிசம்பர் 31க்குள் வாக்கெடுப்பில் கேட்க வேண்டும். சாதாரண பெரும்பான்மை போதும். பிரதம நீதியரசர் தலைமையிலான குழு கண்காணிக்கும் என்றெல்லாம் அதில் விரிவாக எழுதப்பட்டிருந்தது. ஜனாதிபதி விரும்பினால் ஒத்திவைக்கலாம் என்ற ஒரு வரியும் இருந்தது. அந்த ஒரு வரிதான் நடைமுறைக்கு வந்தது. ஒத்திவைப்பு மேல் ஒத்திவைப்பாகப் பதினெட்டு ஆண்டுகள் கடந்தன. 2006 அக்டோபர் 16இல் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது என்று தீர்த்தது. 2007 ஜனவரி 1 முதல் மாகாணங்கள் பிரிந்தன. இணைத்தபோதும் பிரித்தபோதும் கல்முனையில் வாழ்ந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அது இம்மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி.

நடந்திருந்தாலும் அந்த வாக்கெடுப்பு இக்கரையின் மனத்தை முழுதாகக் காட்டியிருக்காது. இணைப்பு வேண்டுமா, வேண்டாமா என்ற இரண்டே பதில்களுக்கு அதில் இடமிருந்தது. முஸ்லிம் ஊர்களில் மூன்றாவது பதில் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது: இணைந்தாலும் பிரிந்தாலும் முஸ்லிம்களுக்கு ஒரு தனி அதிகார அலகு வேண்டும் என்பது. 1981இல் காத்தான்குடியில் தொடங்கப்பட்ட ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ், சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த சட்டத்தரணி எம்.எச்.எம். அஷ்ரஃப்பின் தலைமையில் அந்தப் பதிலை அரசியலாக்கியது. 1988 நவம்பரில் வடகிழக்கு மாகாண சபைத் தேர்தலில் அக்கட்சி 17 ஆசனங்களைப் பெற்றது. அடுத்த மாதமே விகிதாசாரத் தேர்தலின் வெட்டுப்புள்ளி 12.5 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அஷ்ரஃப் அப்போதைய பிரதமர் ரணசிங்க பிரேமதாசவிடம் பேசிப் பெற்ற சலுகை அது. வெட்டுப்புள்ளி குறைந்ததும் சிறிய கட்சிக்கு விழும் வாக்கு வீணாகாது என்ற நிலை வந்தது. தேர்தல் முடிவு மக்கள் மனத்தைச் சற்று நெருக்கமாகக் காட்டத் தொடங்கியது அதன் பிறகே.

போர்க்காலத்தில் தேர்தலுக்கு வெளியே கருத்தைச் சொன்னவை ஹர்த்தாலும் பிரகடனமும். 2003 ஜனவரியில் ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில், பெருந்திரளாகக் கூடியவர்கள் முன் ஒலுவில் பிரகடனம் வாசிக்கப்பட்டது. முஸ்லிம்கள் தனித் தேசிய இனம், அவர்களுக்குச் சுயநிர்ணய உரிமை உண்டு என்று அது கூறியது. சமாதானப் பேச்சில் அரசும் புலிகளும் மட்டுமே இரு தரப்பாக அமர்ந்திருந்த வேளையில், மூன்றாம் தரப்பாகத் தம்மை ஏற்கவேண்டும் என்று கேட்க இவர்களுக்கு இருந்த அளவுகோல் கூட்டத்தின் பருமன்தான். 2005 ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் இடையே சுனாமி நிவாரணப் பொதுக்கட்டமைப்பு கைச்சாத்தானபோதும் அதுவே நிகழ்ந்தது. நாட்டிலேயே அதிக உயிர்களைக் கடல் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில். மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் சிதைந்து கிடந்தன. உடன்படிக்கையில் முஸ்லிம்களின் கையொப்பம் இல்லை. கடைகள் மூடப்பட்டன.

ஹர்த்தாலை அளவுகோலாகக் கொள்வதில் சிக்கல் உண்டு. கல்முனைக் கடைத்தெருவில் முந்நூறு கடைகள் மூடிக் கிடந்தால், அதில் எத்தனை பேர் மனம் ஒப்பி மூடினார்கள், எத்தனை பேர் கல்லெறிக்குப் பயந்து மூடினார்கள், எத்தனை பேர் அயலவன் முகத்துக்காக மூடினார்கள் என்பதைப் பூட்டு சொல்லாது. ஊர்வலத்துக்கும் இது பொருந்தும். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹேர்பர்ட் ஜேக்கப்ஸ், 1960களில் மாணவர் போராட்டங்களைப் பார்த்து, திடலைக் கட்டங்களாகப் பிரித்து ஒரு கட்டத்தில் நிற்போரை எண்ணிப் பெருக்கும் முறையை வகுத்தார். நிற்கும் கூட்டத்துக்கு அது பயன்படும். 2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலிலிருந்து பொலிகண்டிக்குச் சென்ற பேரணி போன்ற ஒன்றுக்கு அது எளிதில் கைகொடுக்காது. ஓர் ஊரில் சேர்ந்தவர் அடுத்த ஊரில் திரும்பிவிடுவார், வேறொருவர் சேர்வார். கொவிட்டில் இறந்தோரின் உடல்களைக் கட்டாயமாக எரித்ததற்கு எதிரான கோபத்தோடு கரையோர முஸ்லிம்கள் தமிழர்களுடன் சேர்ந்து அந்தப் பேரணியில் நடந்தார்கள். எத்தனை பேர் என்பதைவிட, நீதிமன்றத் தடைகளை மீறி அப்படிச் சேர்ந்து நடந்ததே அங்கு செய்தி. அம்மாத இறுதியில் அடக்கத்துக்கு அனுமதி தரும் வர்த்தமானி வந்தது.

போராட்டம் எழுப்பிய கோரிக்கையை வாக்குப்பெட்டி உடனே சோதித்த அரிய நிகழ்வு சாய்ந்தமருதில் உண்டு. 1987 வரை கரைவாகு தெற்கு என்ற பெயரில் தனிச் சபையாக இருந்த இவ்வூர், பின்னர் கல்முனையோடு சேர்க்கப்பட்டது. தனி உள்ளூராட்சி மன்றம் வேண்டும் என்ற கோரிக்கை 2017இன் பிற்பகுதியில் ஹர்த்தாலாக வெடித்தது. பிரிப்பதானால் பழையபடி நான்கு சபைகளாகப் பிரியுங்கள் என்று கல்முனைக்குடியில் எதிர்ப்புக் கிளம்பியது. 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் சாய்ந்தமருதுப் பள்ளிவாசலின் ஆதரவோடு ஒரு சுயேச்சைக் குழு நின்று அவ்வூர் வட்டாரங்களில் பெரு வெற்றி பெற்றது. முஸ்லிம் காங்கிரஸின் கோட்டை எனப்பட்ட இடத்தில் அக்கட்சி வாய்மூட நேர்ந்தது. குடிக்கு ஒருவராகக் கூடிய மரைக்காயர் சபை சொன்னதும், மறைவில் விழுந்த வாக்குச் சொன்னதும் இம்முறை ஒன்றாகவே இருந்தன. 2020 பெப்ரவரியில் தனிச் சபைக்கான வர்த்தமானி வெளியாகி, சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது.

முறையான கருத்துக்கணிப்பு இலங்கையில் ஒரு துறையாக வளர்ந்தது 1990களின் இறுதியிலிருந்து. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 1999இல் சோஷல் இண்டிகேட்டர் என்ற ஆய்வுப் பிரிவைத் தொடங்கி, 2001 முதல் சமாதானம் குறித்த நம்பிக்கையைச் சுற்றுச்சுற்றாக அளந்தது. போரினால் தொடக்கச் சுற்றுகளில் வடகிழக்கின் பெரும்பகுதி விடுபட்டது. சமாதானம் யாருக்கு மிக அவசரமாகத் தேவைப்பட்டதோ அவர்களைத் தவிர்த்து எடுத்த கணிப்பு அது. போர் முடிந்தபின் வெரிட்டே ரிசேர்ச், சுகாதாரக் கொள்கை நிறுவனம் முதலியவை இத்துறைக்கு வந்தன. 2022 மக்கள் எழுச்சியின்போது அரசின் மீதான ஆதரவு ஒற்றை இலக்கச் சதவீதத்துக்கு இறங்கியதை இக்கணிப்புகள் பதிவு செய்தன. காலிமுகத் திடலில் கூடியிருந்தவர்கள் ஒரு சிறு குழு என்ற பேச்சுக்கு எண்ணிக்கையால் பதில் கிடைத்தது. போராட்டத்துக்குக் கருத்துக்கணிப்புச் செய்யக்கூடிய பெரிய உதவி அதுவே.

எனினும் தேசியக் கணிப்பில் கல்முனைக் கரை எவ்வளவு தெரிகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2012 தொகைமதிப்பின்படி நாட்டின் மக்கள்தொகை சுமார் 2 கோடி 3 இலட்சம். அம்பாறை மாவட்டத்தில் சுமார் 6 இலட்சத்து 49 ஆயிரம். அதாவது 3.2 சதவீதம். 1,000 பேரைக் கேட்கும் கணிப்பில் அம்பாறைக்கு வருவது ஏறக்குறைய 32 பேர். மாவட்டத்தில் முஸ்லிம்கள் 43 சதவீதத்துக்குச் சற்று மேல் என்பதால் அவர்கள் பங்கு 14 பேர். 1,000 பேர் கொண்ட மாதிரியின் வழு எல்லை மேலும் கீழும் சுமார் 3 சதவீதம். 14 பேருக்கு அது 26 சதவீதம். பாதிப்பேர் ஒருவரை ஆதரிக்கிறார்கள் என்று அந்தப் பதினான்கு பேரிடம் அறிந்தால், உண்மை கால்வாசியாகவும் இருக்கலாம், முக்கால்வாசியாகவும் இருக்கலாம். ஆகவே அறிக்கைகளில் முஸ்லிம்கள் என்று ஒரே வரிசை வருகிறது. அதில் புத்தளமும் கண்டியும் கொழும்பும் கல்முனையும் கலந்துவிடுகின்றன. கரும்பும் நெல்லும் மீனும் கைத்தறியும் பேசும் ஊரின் கவலை வேறு, கொழும்பு மாளிகாவத்தை மாடிவீட்டின் கவலை வேறு.

கேட்கும் முறையிலும் இவ்வூர்களுக்கே உரிய இடர்கள் உண்டு. வீடுவீடாகச் செல்லும் ஆய்வாளர் ஒரு கிராம சேவகர் பிரிவை எடுத்து, தொடக்கப் புள்ளியிலிருந்து குறித்த இடைவெளியில் வீடுகளைத் தேர்வார். வீட்டில் யாரைக் கேட்பது என்பதை லெஸ்லி கிஷ் 1949இல் வகுத்த அட்டவணை முடிவு செய்யும். சாய்ந்தமருதில் மதிலோடு மதில் ஒட்டிய ஒழுங்கைகளில் ஒரு வளவுக்குள் தாயும் மணமான மகள்மாரும் தனித்தனி அடுப்பு வைத்திருப்பார்கள். இது ஒரு வீடா, மூன்று வீடா? அட்டவணை மகளின் பெயரைச் சுட்டும். ஆண் ஆய்வாளர் வாசலில் நின்றால் பதில் சொல்ல வருவது தகப்பனோ தமையனோதான். பெண் ஆய்வாளர் போனால் மகளே பேசுவாள், மாமியும் பக்கத்து வீட்டாரும் கேட்டுக்கொண்டிருக்க. ஒரே ஜமாஅத்தில் தொழுபவர்கள் நடுவே ஊர் முடிவுக்கு மாறான எண்ணத்தைச் சொல்லத் துணிவு வேண்டும். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலை நடந்த காலத்தை நினைவில் வைத்திருக்கும் தலைமுறை, பெயர் தெரியாதவரிடம் அரசியல் பேசத் தயங்குவதிலும் வியப்பில்லை. தொலைபேசிக் கணிப்பு இந்தக் கூச்சத்தைக் குறைத்தது. ஆனால் ஒரே கைபேசியைப் பகிரும் வீடுகளில் அதை எடுப்பவர் யார் என்ற கேள்வி நிற்கிறது.

சிறு மாதிரியின் குறையைத் தீர்க்கப் புள்ளியியலாளர்கள் இப்போது வேறு வழியைக் கையாள்கிறார்கள். வயது, பால், இனம், கல்வி, மாவட்டம் ஆகியவற்றுக்கும் வாக்குக்கும் உள்ள தொடர்பை நாடு முழுவதற்குமாகக் கணித்து, அதைத் தொகைமதிப்போடு பொருத்தி எடை போடுவது அது. சுகாதாரக் கொள்கை நிறுவனம் 2024 ஜனாதிபதித் தேர்தலுக்கு இம்முறையைப் பயன்படுத்தியது. கல்முனையின் முஸ்லிம் பெண் ஒருத்தி, அவளை ஒத்த வயதும் கல்வியும் உள்ள பிறரைப் போல் எண்ணுவாள் என்ற ஊகம் அதன் அடியில் இருக்கிறது. ஜனாதிபதித் தேர்தல்களில் இந்த ஊகம் பெரும்பாலும் பொருந்தும்: அம்பாறையை உள்ளடக்கிய திகாமடுல்ல தேர்தல் மாவட்டம் 2015இல் மைத்திரிபால சிறிசேனவுக்கு 65 சதவீதமும், 2019இல் சஜித் பிரேமதாசவுக்கு 63 சதவீதமும் கொடுத்தது. பாராளுமன்றத் தேர்தலில் அது தடுமாறும். 2024 செப்டம்பரில் சஜித்தை முன்னிறுத்திய அதே மாவட்டத்தில், நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 7 ஆசனங்களில் 4ஐ எடுத்தது. முஸ்லிம் வாக்கு பல கட்சிகளாகவும் ஊர்களாகவும் பிரிந்தது. வாக்களிப்போர் தொகையும் நாடெங்கும் 79 சதவீதத்திலிருந்து 69 சதவீதத்துக்கு இறங்கியது. அக்கரைப்பற்றான் தன் ஊர் வேட்பாளருக்கும் நிந்தவூரான் தன் ஊர் வேட்பாளருக்கும் விருப்பு வாக்கிடும் கணக்கு எந்தத் தேசிய மாதிரிக்குள்ளும் வராது.

இக்கரைக்கென்று தனியே 400 பேரைக் கேட்டால் வழு எல்லை 5 சதவீதத்துக்குள் வந்துவிடும். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் இருக்கிறது. ஊர்களின் பேச்சும் ஒழுங்கைகளும் தெரிந்த மாணவர்களும் இருக்கிறார்கள். தேவையும் கூடியிருக்கிறது: கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டம்பரில் முடிந்தபின் அதற்குத் தேர்தல் இல்லை, 2025 மே 6இல் நாடு முழுவதும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது, வழக்குக் காரணமாகக் கல்முனை மாநகர சபைக்கு வாக்கெடுப்பு நடக்கவில்லை.